இரண்டாவது பெயர்

மிசேரே கிதாயே முகோவை ஒரு புத்தக அட்டையின் இரண்டாவது பெயராகத்தான் பலரும் அறிவார்கள். 1976இல் வெளிவந்த 'டெடான் கிமாதியின் விசாரணை' நாடகத்தின் அட்டையில் முதலில் கூகி வா தியாங்கோ, அடுத்து இவர். நாளாக ஆக அந்த இரண்டாவது பெயர் பேச்சிலிருந்து உதிர்ந்துவிட்டது. 'கூகியின் நாடகம்' என்று சொல்லிப் போய்விடுகிறார்கள். கூகியை நாம் தமிழில் நன்றாகவே அறிவோம். 'சிலுவையில் தொங்கும் சாத்தான்' ஒரு தலைமுறை வாசகர்களிடையே கைமாறிக்கொண்டே இருந்த புத்தகம். காலனியம், மொழி என்று இங்கே யார் பேச்செடுத்தாலும் கூகி வந்துவிடுவார். முகோ வருவதில்லை.

இதை அநீதி என்று சொல்லிக் கடந்துபோவது சுலபம். எனக்கு இதில் வேறொன்று உறுத்துகிறது. எழுத்தாளரின் அளவை நாம் புத்தகங்களின் அடுக்கை வைத்துத்தான் எடுக்கிறோம். தன் சொல் பிறர் வாயில் போய் வாழவேண்டும் என்று நம்பிய ஒருவரை, நாடு நாடாகத் துரத்தப்பட்டு எதிரே இருந்த மக்களை இழந்த ஒருவரை, அந்த அடுக்கால் எப்படி அளப்பது?

முகோ பிறந்தது 1942 டிசம்பர் 12, கென்யாவின் கிரின்யாகா பகுதியில் பரிச்சோ என்ற ஊர். பெற்றோர் இருவருமே ஆசிரியர்கள். அவர் பத்து வயதை நெருங்கும்போது, 1952 அக்டோபரில், பிரிட்டிஷ் அரசு அவசரநிலையை அறிவித்தது. மௌ மௌ கிளர்ச்சியை ஒடுக்குகிறோம் என்று பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கிகுயு மக்களை அவர்களுடைய வீடுகளிலிருந்து பெயர்த்து, முள்வேலியும் அகழியும் சூழ்ந்த புதிய ஊர்களுக்குள் அடைத்தார்கள். தூக்கிலிடப்பட்டவர்கள் மட்டும் 1,090 பேர். கிரின்யாகாவிலேயே ம்வேயா சமவெளியில் தடுப்பு முகாம்கள் இருந்தன. இன்று கென்யாவின் அரிசி விளையும் அந்தப் பாசன நிலத்தில் கைதிகளின் வியர்வையும் கலந்திருக்கிறது. ஒரு சிறுமி இதையெல்லாம் புத்தகத்தில் படிக்கத் தேவையிருக்கவில்லை.

அறுபதுகளின் தொடக்கத்தில் லிமுரு பெண்கள் பள்ளியில் அவரைச் சேர்த்தார்கள். அதுவரை வெள்ளையர் வீட்டுப் பெண்களுக்கு மட்டுமேயான பள்ளி அது. அங்கே அனுமதிக்கப்பட்ட முதல் கறுப்பின மாணவிகளில் இவரும் ஒருவர். அங்கிருந்து உகாண்டாவின் மக்கெரெரே பல்கலைக்கழகம். அங்கே படித்துக்கொண்டிருந்தபோதுதான் கென்யா விடுதலை பெற்றது: 1963 டிசம்பர் 12. அது அவருடைய இருபத்தோராவது பிறந்தநாள். இப்படியொரு தற்செயலை நாவலில் வைத்தால் மிகை என்று வெட்டச் சொல்வார்கள்.

பிறகு கனடாவின் நியூ பிரன்ஸ்விக் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம். ஆய்வுக்கு அவர் எடுத்துக்கொண்ட வரிசையைக் கவனிக்கவேண்டும். சினுவா அச்செபே, கூகி என்ற இரண்டு ஆப்பிரிக்க ஆண்கள். மார்கரெட் லாரன்ஸ், எல்ஸ்பெத் ஹக்ஸ்லி என்ற இரண்டு வெள்ளைப் பெண்கள். நால்வர் கண்ணிலும் ஆப்பிரிக்கா எப்படித் தெரிகிறது என்பது கேள்வி. 1978இல் 'ஆப்பிரிக்கா பற்றிய பார்வைகள்' என்று அது நூலானது. கென்யாவில் குடியேறிய வெள்ளைக் குடும்பத்தில் வளர்ந்த ஹக்ஸ்லி, கிகுயு மக்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவர். அந்தப் பக்கங்களில் பேசப்பட்ட மக்களில் ஒருத்தி எழுந்து, இனி நான் உன்னைப் படிக்கிறேன் என்கிறாள். ஆய்வேட்டு மொழியின் அடக்கத்துக்குள்ளும் இந்த இடமாற்றம் தெரிகிறது.

1973இல் நைரோபி பல்கலைக்கழகத்தில் ஆசிரியராகச் சேர்ந்தார். அங்கே காற்று சூடாக இருந்தது. ஐந்து ஆண்டுகளுக்கு முன்புதான் கூகி, டபான் லோ லியொங், ஹென்றி ஒவுவோர் அன்யும்பா மூவரும் ஆங்கிலத் துறையையே கலைக்கவேண்டும், ஆப்பிரிக்க இலக்கியத்தை நடுவில் வைக்கவேண்டும் என்று அறிக்கை கொடுத்திருந்தார்கள். வாய்மொழி இலக்கியம் பாடத்திட்டத்துக்குள் வந்திருந்தது. பின்னாளில் முகோ அந்தப் பல்கலைக்கழகத்தின் கலைப்புலத் தலைவரானார். கென்யாவில் அப்படியொரு பொறுப்புக்கு வந்த முதல் பெண் அவர்.

இனி அந்த நாடகம். டெடான் கிமாதி மௌ மௌ படைத்தலைவர். 1956 அக்டோபரில் சுடப்பட்டுப் பிடிபட்டார். நியெரியில் விசாரணை நடந்தது. கைத்துப்பாக்கி வைத்திருந்தார் என்பதுதான் மரண தண்டனைக்கான குற்றம். 1957 பிப்ரவரி 18 அன்று கமிட்டி சிறையில் தூக்கிலிட்டு, அடையாளம் இல்லாத குழியில் புதைத்தார்கள். விடுதலைக்குப் பிறகு வந்த ஜோமோ கென்யாட்டாவின் அரசு அவரைப் பற்றிப் பேசவே விரும்பவில்லை. பழையதை மறப்போம் என்பதே அதன் மந்திரம். மௌ மௌ மீது வெள்ளையர் போட்ட தடை சுதந்திரக் கென்யாவிலும் நாற்பது ஆண்டு, 2003 வரை, நீடித்தது. காட்டில் சண்டையிட்டவர்கள் நிலமில்லாமல் நின்றார்கள். வெள்ளையனோடு நின்றவர்கள் பண்ணைகளை வாங்கினார்கள்.

இந்தச் சூழலில் கூகியும் முகோவும் கிமாதியின் ஊரான கருணாய்னிக்குப் போய், அவரை அறிந்தவர்களிடம் பேசிவிட்டு வந்து நாடகம் எழுதினார்கள். நீதிமன்ற ஆவணங்களை அப்படியே மேடையேற்றும் நாடகம் இல்லை இது. அந்த ஆவணங்கள் முழுமையாக அச்சில் வரவே 2017 ஆயிற்று. கிமாதியைக் குறையே இல்லாத வீரனாக்கிவிட்டார்கள் என்று அன்றே வரலாற்று ஆசிரியர்கள் சிலர் குறைபட்டார்கள். அந்தக் குறையில் நியாயம் உண்டு. நாற்பது பக்கம் படிப்பதற்குள் அவர் மனிதர் என்பது மறந்து சிலை ஆகிவிடுகிறார். ஆனால் நாடகத்தின் உயிர் கிமாதியிடம் இல்லை. அது ஒரு பெண்ணிடம் இருக்கிறது. காட்டுக்கும் ஊருக்கும் இடையே செய்தி கொண்டுபோகிறவள். ரொட்டிக்குள் துப்பாக்கியை ஒளித்து ஒரு பையனிடம் கொடுத்தனுப்புகிறவள். துப்பாக்கி வைத்திருந்ததற்காக ஒருவருக்குத் தூக்கு நிச்சயமாகிக்கொண்டிருக்கும் நீதிமன்றத்துக்கு இன்னொரு துப்பாக்கி ரொட்டிக்குள் ஏறிப் போகிறது. அவளுக்குப் பெயர் கிடையாது. 'பெண்' என்றுதான் நாடகத்தில் போட்டிருக்கிறது. எல்லாப் பெண்களுக்கும் அவள் பிரதிநிதி என்பது அதன் பொருளாக இருக்கலாம். பெயரில்லாமல் பிரதிநிதியாவது எப்போதும் பெண்தான் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். இந்த இடத்துக்கு முகோவே பின்னால் திரும்பி வந்தார்.

நாடகத்தை 1976 அக்டோபரில் நைரோபியின் கென்யா தேசிய அரங்கில் போட்டார்கள். பெயர்தான் தேசிய அரங்கு. சொந்த நாட்டு நாடகத்துக்கு அங்கே நாள் வாங்கப் போராடவேண்டியிருந்தது. ஐரோப்பிய நிகழ்ச்சிகளுக்கு ஏற்கெனவே ஒதுக்கியாகிவிட்டது என்றார்கள். கிடைத்த சில இரவுகளில் கூட்டம் பொங்கியது. ஒரு நாள் காட்சி முடிந்ததும் பார்வையாளர்கள் நடிகர்களோடு சேர்ந்து பாடியபடியே தெருவுக்கு வந்து, எதிரே இருந்த நோர்ஃபோக் ஓட்டலை நோக்கி ஆடிப் போனதைக் கூகி எழுதியிருக்கிறார். காலனிக் காலத்தில் வெள்ளைக் குடியேறிகள் கூடிக் குடித்த ஓட்டல் அது. போலீஸ் நடுவில் நின்றது. அடுத்த ஆண்டு லாகோஸில் நடந்த ஆப்பிரிக்கக் கலை விழாவுக்குக் கென்யாவின் சார்பில் இதே நாடகம் போனது. அரசுக்கு அது பெருமையும் தலைவலியுமாக ஒரே சமயத்தில் இருந்திருக்கவேண்டும்.

மேடையிலிருந்து தொடங்கிய பாட்டைத் தெரு வாங்கிக்கொண்ட அந்த இரவைத்தான் முகோவின் இலக்கியக் கொள்கை முழுவதற்கும் சாட்சியாக நான் பார்க்கிறேன். சொல்பவரும் கேட்பவரும் என்று இரண்டு சாதி கிடையாது. ஒருவர் எடுத்துக்கொடுக்க, மற்றவர்கள் வாங்கிப் பாட, பாடும்போதே மாற்ற, அந்த எதிர்ப்பாட்டில்தான் சொல் வளரும். அவருடைய முதல் கவிதைத் தொகுப்பும் அதே 1976இல் வந்தது: 'என் மக்களின் மகளே, பாடு!'. தலைப்பே ஒரு கூப்பாடு.

1977 டிசம்பர் 31 அன்று கூகியைக் கைது செய்தார்கள். கமிரீத்து கிராமத்தில் விவசாயிகளோடும் தொழிலாளர்களோடும் சேர்ந்து கிகுயு மொழியில் அவர் போட்ட நாடகம்தான் காரணம். விசாரணை இல்லாமல் ஓராண்டு சிறை. வெளியே இருந்தவர்களுக்கும் போலீஸ் தொல்லை ஓயவில்லை. முகோவும் அதில் தப்பவில்லை. 1978இல் கென்யாட்டா இறந்து டேனியல் அராப் மோய் ஆட்சிக்கு வந்தார். 1982 ஜூனில் நாட்டைச் சட்டப்படியே ஒரு கட்சி நாடாக்கினார். பல்கலைக்கழக ஆசிரியர்கள் மாணவர்களுக்குக் கலகம் கற்பிக்கிறார்கள் என்றார். ஆசிரியர்கள் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். ஆகஸ்ட் 1 அன்று விமானப் படையினர் சிலர் ஆட்சியைப் பிடிக்க முயன்று தோற்றதும், மிச்சமிருந்த தயக்கமும் அரசுக்குப் போய்விட்டது. அப்போது லண்டனில் இருந்த கூகி திரும்பவில்லை. முகோ தன் இரண்டு மகள்களோடு நாட்டைவிட்டு வெளியேறினார். நாற்பது வயதுகூட நிறையவில்லை. பின்னர் அவருடைய கென்யக் குடியுரிமையையும் பறித்தார்கள்.

மோய் 1984இல் ஒரு பேச்சில், அமைச்சர்கள் எல்லோரும் கிளிகளைப் போல் தான் பாடுவதையே பாடவேண்டும் என்றார். கென்யாட்டா காலத்தில் தானும் அப்படித்தான் பாடியதாகவும் சொல்லிக்கொண்டார். எதிர்ப்பாட்டுக்கும் கிளிப்பாட்டுக்கும் உள்ள தூரத்தை ஒரு சர்வாதிகாரியே இத்தனை தெளிவாக எடுத்துக்காட்டியது வேடிக்கைதான். ஒருவர் எடுத்துக்கொடுத்து மற்றவர் வாங்கிப் பாடுவது இரண்டிலும் உண்டு. முன்னதில் வாங்குகிறவர் திருத்தலாம். பின்னதில் திருத்தினால் சிறை.

நாட்டைவிட்டு வெளியேறிய முகோ முதலில் தங்கியது நியூயார்க் மாநிலத்தின் வடகோடியில், கான்டன் என்ற சிற்றூரில் இருக்கும் செயின்ட் லாரன்ஸ் பல்கலைக்கழகத்தில். கென்யாவுக்கு மாணவர்களை அனுப்பும் வழக்கம் ஏற்கெனவே இருந்த கல்லூரி அது. 1984இல் அமெரிக்காவை விட்டு ஜிம்பாப்வே பல்கலைக்கழகத்துக்குப் போனார். ஆப்பிரிக்காவுக்கே திரும்பவேண்டும் என்ற பிடிவாதம் இதில் இருக்கிறது. புதிதாக விடுதலை பெற்ற அந்த நாடு அவருக்குக் குடியுரிமை கொடுத்தது. கமிரீத்துவில் கூகியோடு உழைத்த கூகி வா மீரியும் கிமானி கெச்சௌவும் அதன் தலைநகர் ஹராரேயில் இருந்தார்கள். கானாவில் கல்வி அமைச்சர் பொறுப்பை உதறிவிட்டு வந்த எழுத்தாளர் அமா அட்டா ஐடூவும் அங்கேதான் இருந்தார். எண்பதுகளின் ஹராரே ஆப்பிரிக்காவின் துரத்தப்பட்டவர்களுக்கெல்லாம் திண்ணையாக இருந்திருக்கிறது.

அந்தத் திண்ணைக்குப் பின்னால் என்ன நடந்தது என்பதையும் சொல்லாமல் விடக்கூடாது. அதே ஆண்டுகளில் ஜிம்பாப்வே ராணுவத்தின் ஐந்தாம் படைப்பிரிவு மெட்டபெலேலாந்தில் ஆயிரக்கணக்கான ண்டெபெலே மக்களைக் கொன்றது. கத்தோலிக்க நீதி அமைதி ஆணையமும் சட்ட அமைப்பு ஒன்றும் சேர்ந்து திரட்டிய சாட்சியங்கள் 1997இல்தான் வெளியாயின. ஒரு நாட்டின் கொடுமைக்குத் தப்பியவர் இன்னொரு நாட்டின் விருந்தோம்பலில் இருக்கும்போது, விருந்து கொடுப்பவரின் கையையும் பார்க்கவேண்டியிருக்கிறது. புலம்பெயர்ந்த அறிவாளிகளின் வரலாறுகளில் இந்தப் பக்கத்தை யாரும் விரும்பி எழுதுவதில்லை. வீரமாக எழுத வசதியில்லாத பக்கம் இது.

முகோவின் முக்கியமான சிந்தனை நூல் இந்த ஜிம்பாப்வே காலத்தில் விளைந்தது. 'ஆப்பிரிக்க வாய்மொழி இலக்கியமும் மனித உரிமைகளும்' என்று 1991இல் லெசோத்தோ தேசியப் பல்கலைக்கழகத்திலிருந்து சிறு நூலாக வந்தது. மனித உரிமை என்பது ஐரோப்பா கண்டுபிடித்து அனுப்பிய சரக்கு என்ற எண்ணத்தை அதில் அவர் எதிர்க்கிறார். உரிமைகளைப் பற்றிய நுட்பமான விவாதம் பழங்கதைகளிலும் பாடல்களிலும் சடங்குகளிலும் உண்டு. தேடவேண்டிய இடத்தில் தேடவில்லை, அவ்வளவுதான் என்கிறார். அதை விளக்க அவர் எடுத்துக்கொண்டது வெங்காயம். தனிமனிதர், குடும்பம், சமூகம், இயற்கை, அதற்கும் அப்பாலுள்ளவை என்று ஒன்றை ஒன்று தழுவிய அடுக்குகள். ஓர் அடுக்கு அழுகினால் மற்றவை தப்பாது. உரித்துக்கொண்டே போனால் உள்ளே ஒன்றுமில்லை என்பதற்குத்தான் நாம் வெங்காயத்தைக் கூப்பிடுவோம். அவருக்கு அடுக்குதான் பொருள், உரிப்பதுதான் பிழை.

பழஞ்சமூகத்தைக் கொஞ்சம் மெழுகிக் காட்டுகிறார் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. அடுக்குகளுக்குள் யார் மேலே, யார் கீழே என்ற கேள்வியை அந்த வெங்காயம் எளிதில் கேட்பதில்லை. ஆனால் இன்னொன்று கவனத்துக்குரியது. 2004இல் ஹராரேயில் விரிவாக்கப்பட்டு வந்த பதிப்பின் தலைப்பிலேயே கிகுயுவோடு ஷோனா, ண்டெபெலே என்ற பெயர்களும் சேர்ந்திருக்கின்றன. கிரின்யாகாவின் கதைகளோடு கிளம்பியவர், தஞ்சம் தந்த மண்ணின் இரண்டு மக்களுடைய கதைகளையும் கற்றுக்கொண்டிருக்கிறார். அதில் ண்டெபெலே என்ற பெயர் இருப்பது சும்மா இல்லை என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

அதே 2004இல், அதே ஹராரே பதிப்பகத்தில், அவர் இன்னொரு சிறு நூல் கொண்டுவந்தார். முத்தோனி வா கிரிமா என்ற மௌ மௌ பெண் ஃபீல்டு மார்ஷலைப் பற்றியது அது. மௌ மௌ படையில் அந்தத் தகுதிக்கு உயர்ந்த ஒரே பெண் அவர். விடுதலை வந்த பிறகுதான் காட்டைவிட்டு இறங்கினார். காட்டில் வளர்ந்த சடைமுடியைப் பல பத்தாண்டுகள் வெட்டாமலே வைத்திருந்தார். போராடியதன் பலன் இன்னும் கிடைக்கவில்லை என்பது காரணம். பெண் போராளிகளின் வாக்குமூலங்கள் எப்படி அமுக்கப்பட்டன, அழிக்கப்பட்டன, வளைக்கப்பட்டன என்பதை விசாரிக்கிறது முகோவின் நூல். 1976இல் பெயரில்லாமல் ரொட்டி கொடுத்தனுப்பியவளுக்கு இருபத்தெட்டு ஆண்டு கழித்து ஒரு பெயரும் ஒரு பதவியும் ஒரு குரலும் கிடைத்தன. தன் படைப்பைத் தானே திருத்த ஒருவர் எழுதக்கூடிய மிகச் சிறந்த விமர்சனம் இது. இதைப் பற்றிப் போதுமான பேச்சு எழவில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவர் மறுபடி அமெரிக்கா வந்தார். சிறிது காலம் கார்னெல் பல்கலைக்கழகம், 1993 முதல் சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தின் ஆப்பிரிக்க அமெரிக்கவியல் துறை. 2015இல் ஓய்வு பெறும்வரை அங்கேயே. பனி கொட்டுவதற்குப் பேர்போன அந்த நகரத்தில் ஆப்பிரிக்கர்கள், கறுப்பின அமெரிக்கர்கள், கரீபியர்கள் எல்லோரையும் சேர்த்து ஓர் அமைப்பைக் கட்டினார். அவருடைய உரைகளைக் காணொளியில் பார்த்தவர்களுக்குத் தெரியும். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து கேட்க விடமாட்டார். ஒரு வரியைச் சொல்லித் திருப்பிச் சொல்லவைப்பார். எழுந்து நிற்கச் சொல்வார். கருத்தரங்கின் விறைப்பு ஐந்து நிமிடத்தில் காணாமற்போகும். பேராசிரியர்கள் சிலர் நெளிவதும் தெரியும். நான் ரசித்துப் பார்ப்பது அதைத்தான்.

இரண்டாவது கவிதைத் தொகுப்பு 'என் தாயின் கவிதையும் பிற பாடல்களும்' 1994இல் வந்தது. முதலாவதற்கும் இதற்கும் இடையே பதினெட்டு ஆண்டுகள். புத்தக அடுக்கை அளப்பவர்களுக்கு இது வறட்சி. இந்தப் பதினெட்டு ஆண்டுகளில் சிறையாகிவிட்ட ஒரு தேசம், இரண்டு கண்டங்கள், வளர்க்கவேண்டிய பிள்ளைகள், நூற்றுக்கணக்கான மாணவர்கள், ஓயாத கூட்டங்கள். புலம்பெயர்வு எழுத்தாளரைச் செதுக்குகிறது, ஆழமாக்குகிறது என்றெல்லாம் அடிக்கடி எழுதுகிறார்கள். நான் அதை நம்புவதில்லை. அது தின்கிறது. முகோ எழுதாமல் போன நாடகங்களை அது தின்றுவிட்டது. தேசிய அரங்கிலிருந்து தெருவுக்கு இறங்கிய அந்தக் கூட்டத்தின் மொழி, நக்கல், கோபம் எல்லாம் தெரிந்த ஒருவர் அதே கூட்டத்துக்கு அடுத்த நாடகத்தை எழுத வாய்க்கவில்லை. சிராக்யூஸின் அரங்குகளில் அவருக்கு நல்ல எதிர்க்குரல் கிடைத்திருக்கும். அது வேறு குரல்.

கென்யா மெல்ல மாறியது. 1991இல் ஒரு கட்சிச் சட்டம் போனது. 2002இல் மோய் போனார். 2007இல் நைரோபியில் கிமாதிக்குச் சிலை எழுந்தது. 2010 அரசமைப்பு இரட்டைக் குடியுரிமையை அனுமதித்தது. முகோ போய் வந்தார், பேசினார், பாராட்டப்பட்டார், வாழ்வதற்குத் திரும்பவில்லை. பல ஆண்டுகள் எலும்பு மஜ்ஜைப் புற்றுநோயோடு இருந்தார். 2021இல்கூட, மனிதத்தன்மையைக் கல்வியின் நடுவில் வைக்கவேண்டும் என்று 'உட்டு' என்ற ஆப்பிரிக்க அறக்கருத்தைப் பற்றி ஒரு சிறு நூல் தந்தார். அதே ஆண்டு லண்டனின் ராயல் ஆப்பிரிக்கக் கழகம் வாழ்நாள் சாதனைக்கான விருதை அளித்தது.

2023 ஒரு மோசமான ஆண்டு. மே மாதத் தொடக்கத்தில் கிமாதியின் மனைவி முகாமி இறந்தார். கணவரின் எலும்புகளைக் கண்டெடுத்து அடக்கம் செய்யவேண்டும் என்று கடைசிவரை கேட்டுக்கொண்டே இருந்தவர். மே 31 அன்று ஐடூ. ஜூன் 30 அன்று, எண்பது வயதில், சிராக்யூஸில் முகோ. செப்டம்பரில் முத்தோனி வா கிரிமா.

முகோவைத் தமிழில் கொண்டுவர யாராவது நினைத்தால் முதல் தொகுப்பில் உள்ள 'எங்கே அந்தப் பாடல்கள்' என்ற கவிதையிலிருந்து தொடங்கலாம். மொழிபெயர்த்ததும் பத்திரிகைக்கு அனுப்பிவிட வேண்டாம். முதலில் நாலு பேரை உட்காரவைத்து உரக்க வாசித்துப் பாருங்கள். அவர்கள் வாயில் தங்காத வரியை மாற்றுங்கள். தங்கிய பிறகு அச்சுக்குக் கொடுங்கள்.